நீர்யானைக்காரர் மியூசியத்துக்குப் போனது

பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டதில்லை. நீர்யானைக்காரர் என்றால்தான் தெரியும். மிருகக்காட்சிசாலையில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஓய்வு பெறும்வரை ஒரே ஒரு நீர்யானைக்குத்தான் அவர் தீனி போட்டார், தொட்டி கழுவினார், சாணி வாரினார். அதற்கு ராசாத்தி என்று பெயரும் வைத்திருந்தார். வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு அது தண்ணீரில் கிடக்கும் ஒரு கரும்பாறை. இவர் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று இருமினால் போதும், அந்தப் பாறை காதை ஆட்டும்.

அவர் மனைவி வீட்டிலேயே துணி தைப்பவள். ராசாத்தியைச் சக்களத்தி என்றுதான் சொல்வாள். சாயங்காலம் அவர் உள்ளே நுழைந்ததும், மெஷினை நிறுத்தாமலே, மூத்தவள் இன்றைக்கு என்ன சாப்பிட்டாள் என்று குத்தலாகக் கேட்பாள். அவரும் உட்கார்ந்து ஒன்று விடாமல் சொல்வார். குத்திப் பேசினாலும் உறைக்காத மனிதரை வைத்துக்கொண்டு எவள்தான் சண்டை போடுவது?

கடைசி வருஷத்தில் ராசாத்தி ரொம்பவே பிகு பண்ணியது. முழு முட்டைக்கோஸை வாயில் வாங்கும், தலையை ஒரு பக்கமாகச் சாய்க்கும், துப்பிவிடும். வயதானால் மனிதர்களுக்கே நாக்கு நீளுகிறதே, அது வாயில்லா ஜீவன் என்று நினைத்து, இவர் எல்லாவற்றையும் பொடிப்பொடியாக நறுக்கிப் போட ஆரம்பித்தார். பூசணியை வேகவைத்துக்கூடக் கொடுத்தார். மேலே இருப்பவர்களிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் சட்டம் பேசுவார்கள். அதுவும் வழக்கம்போலத் தின்றது, கொழுகொழுவென்று இருந்தது, யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அவர் ஓய்வு பெற்றதும் கரடிக் கூண்டில் வேலை பார்த்தவரை அங்கே மாற்றினார்கள். கரடிக்காரர் நல்ல மனிதர்தான். எப்போதும் போடுகிற முறைப்படி முழுசு முழுசாகப் போட்டார். ராசாத்தி தொடவில்லை. கொஞ்ச நாளில் செத்தே போனது. வயதாகிவிட்டது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

செய்தி கேட்டு நீர்யானைக்காரர் ஓடினார். அத்தனை பேர் முன்னால் கரடிக்காரரைப் பார்த்து, "பட்டினி போட்டுக் கொன்னுட்டியே, பாவி" என்று சொல்லிவிட்டார். கரடிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

வெளியே அப்படிச் சொன்னாரே தவிர, உள்ளே அவரை அரித்தது வேறு. தான் விட்டுவிட்டு வந்ததால்தான் அது ஏங்கிச் செத்தது என்று நினைத்தார். அன்றிலிருந்து மிருகக்காட்சிசாலைத் தெருப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. தட்டில் வைத்ததில் பாதி அப்படியே இருக்கும். சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். நீர்யானைக்காகத் துக்கம் காக்கிற புருஷனைப் பற்றி அவள் யாரிடம் போய்ச் சொல்லி அழுவாள்?

ரொம்ப நாள் கழித்து, ரவிக்கை தைக்க வந்த ஒருத்தி சொல்லித்தான் தெரிந்தது, ராசாத்தியின் எலும்புக்கூட்டைத் தேசிய இயற்கை வரலாற்று மியூசியத்தில் நிறுத்தியிருக்கிறார்கள் என்று. அவர் வரமாட்டேன் என்றார். அவள் அவருடைய சட்டையை இஸ்திரி போட்டுக் கட்டிலில் வைத்தாள். "நீங்க வரலேன்னா நான் மட்டும் போயி அவளைப் பாத்துட்டு வரேன்" என்றாள். அதற்கு மேல் அவரால் படுத்திருக்க முடியவில்லை.

மியூசியத்துக்குள் நுழைந்ததும் மேலே ஒரு திமிங்கிலத்தின் எலும்பு தொங்கியது. அது அவ்வளவு உயரத்தில் இருந்தும் அவர் குனிந்துதான் நடந்தார். அடுத்த கூடத்தில் பாடம் பண்ணிய புலி, மான், குரங்கு எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்றன. "எல்லாம் முழிச்சிக்கிட்டே செத்திருக்கு" என்று சொல்லி அவர் வேகமாக நடையைக் கட்டினார்.

ராசாத்தி கடைசிக் கூடத்தில், கயிறு கட்டிய மேடைமேல் இருந்தது. சதை இல்லாமல் அது இத்தனை சின்னதாக இருக்கும் என்று அவர் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. கிட்டப் போய் நின்று மெதுவாக இருமினார். அதைப் பார்த்த அவர் மனைவிதான் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பக்கத்தில் நீலக் கோட்டுப் போட்ட ஒரு பெண் பிரஷ்ஷால் விலா எலும்பில் தூசி தட்டிக்கொண்டிருந்தாள். அவளிடம் மனைவியே பேச்சுக் கொடுத்தாள். இதற்கு ஆயுசு முழுக்கச் சோறு போட்டவர் இவர்தான் என்றாள். அந்தப் பெண்ணுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. இந்த எலும்பையெல்லாம் கழுவிக் கோத்ததே அவள்தானாம். கயிற்றைத் தூக்கி அவரை உள்ளே விட்டு, டார்ச் விளக்கைக் கீழ்த்தாடையில் அடித்தாள். கடைவாய்ப் பல்லுக்கு அடியில் கட்டைவிரல் நுழைகிற மாதிரி ஓர் ஓட்டை.

"சீழ் வச்சு எலும்பையே அரிச்சிருக்கு, ஐயா. ஒரு வருஷத்துக்கு மேலேயே இருந்திருக்கும்."

"வலிச்சிருக்குமா?"

அவள் டார்ச்சை அணைத்தாள். "ரொம்ப வலிச்சிருக்கும்."

நறுக்கிப் போட்டால் தின்றிருக்குமா என்று கேட்டார். தின்றிருக்கும், முழுசாகக் கடிக்கத்தான் முடிந்திருக்காது என்றாள் அவள்.

அவர் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். உள்ளங்கை இரண்டையும் முழங்காலில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"எனக்காக ஏங்கிச் சாகல" என்றார்.

"இல்லீங்க."

"அவன் பட்டினியும் போடல. நான்தான் நறுக்கி நறுக்கிப் போட்டு அதோட வலி ஒருத்தருக்கும் தெரியாம பண்ணிட்டேன்."

இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. நடந்தது அதுதான். ஆனால் அதை அப்படியே விட்டுவிடவும் அவளுக்கு மனசில்லை. "ஒரு வருஷம் அவ வயிறு காயலியே. அதையும் சேத்துச் சொல்லுங்க" என்றாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, வீட்டுக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டு வேறு பஸ்ஸில் ஏறினார். எங்கே என்று கேட்காமல் அவளும் ஏறினாள்.

மிருகக்காட்சிசாலையில் கரடிக்காரர் குழாயைப் பிடித்துத் தொட்டி கழுவிக்கொண்டிருந்தார். தொட்டியில் புதிதாகக் கொண்டுவந்திருந்த ஒரு சின்ன நீர்யானை. கம்பி ஓரமாக நின்று இவர் தாடை, ஓட்டை, தான் நறுக்கிப் போட்டது எல்லாவற்றையும் சொன்னார்.

"உன்னை நாலு பேர் முன்னால பேசிட்டேன். நீ ஒண்ணும் பண்ணல."

கரடிக்காரர் தண்ணீரை நிறுத்தினார். "நானுந்தாண்ணே இத்தனை நாளா நான்தான் கொன்னேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றார். சின்ன நீர்யானை தண்ணீரைப் புஸ்ஸென்று ஊதியது.

"இதோட வாயைப் பாத்திருக்கியா?" என்று நீர்யானைக்காரர் கேட்டார்.

"எங்கண்ணே காட்டுது."

"காட்டும். பழக்கணும்."

கரடிக்காரர் கதவைத் திறந்துவிட்டார். இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போனார். இருட்டுவதற்குள் வந்துவிடுவீர்களா என்று மனைவி கேட்டது அவர் காதில் விழவில்லை. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, வேடிக்கை பார்க்கிறவர்கள் உட்காரும் பெஞ்சில் காலைத் தூக்கி வைத்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.