முஃதஸிமைக் கேட்டுப் போன ஜாஹா

இர்பித் நகரத்து ஆஸ்பத்திரிகளில் டயாலிசிஸ் மெஷின் மக்கர் செய்தால் நர்ஸுகள் அர்வாவைத்தான் தேடுவார்கள். மெஷின் போடும் சத்தத்தைக் கேட்டே எந்தப் பம்பு போயிற்று என்று சொல்லிவிடுவாள். அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்குப் பரிசாக, ஒன்பதாவது வருஷம், மெஷின்களைப் பழுதுபார்க்கும் அவள் கம்பெனி அவளை ஐந்து டெக்னீஷியன்களுக்குத் தலைவி ஆக்கியது. வந்தது வினை.

மேசை நாற்காலி கொடுத்தார்கள். அவளுக்கு அதில் உட்காரத்தான் தெரியவில்லை. யார் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் பின்னாலேயே வண்டியை விட்டுக்கொண்டு போய்விடுவாள். ஒருநாள் அந்த ஐவரில் ஒருவனான முஃதஸிம் ஒரு மெஷினைப் பிரித்துப் போட்டு யோசித்துக்கொண்டிருந்தான். "தள்ளுப்பா" என்று அவன் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைப் பிடுங்கி, நாலு நர்ஸுகள் பார்க்கப் பத்தே நிமிஷத்தில் மெஷினை ஓடவிட்டாள். உதவி செய்ததாகத்தான் அம்மணிக்கு நினைப்பு. மறுநாள் காலையில் அவனுடைய ராஜினாமா மேசைமேல் இருந்தது. போனையும் எடுக்கவில்லை.

அவன் போனால் குழுவுக்கு ஒரு கை போன மாதிரி. போகக் காரணம் தான்தான் என்பது அவளைச் சாப்பிடவிடவில்லை.

"சம்பளத்த ஏத்திக் குடுத்தா வந்துருவானா?" என்று மூத்த டெக்னீஷியன் நாயிஃபிடம் கேட்டாள்.

"மானத்துல கை வெச்சுட்டுச் சம்பளத்தக் காட்டுறியா? ஜாஹா போவோம், வா."

பெண் கேட்கவும் பகை தீர்க்கவும் ஆட்கள் திரண்டு வீடு தேடிப் போவதுதான் ஜாஹா. வேலையை விட்டவனைக் கேட்டு எவராவது போவார்களா? இவர்கள் போனார்கள். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் அர்வாவும் மிச்சமிருந்த நாலு பேரும் பளிச்சென்று உடுத்திக்கொண்டு முஃதஸிம் வீட்டில் வரிசையாக உட்கார்ந்தார்கள். அவன் அப்பா ஏலக்காய் மணக்கும் கசப்புக் காப்பியை ஊற்றி, நரைத்த தாடிக்கு மரியாதையாக நாயிஃபிடம் நீட்டினார்.

"எங்கிட்ட இல்லண்ணே. அந்தா, அவதான் எங்க தலைவி."

பெரியவரின் புருவம் ஏறியது. ஆனாலும் கோப்பை அர்வாவிடம் வந்தது. வந்தவர் கேட்டது கிடைக்கும்வரை அதை வாயில் வைக்கக் கூடாது என்பது ஜாஹா வழக்கம். அவள் மேசைமேல் வைத்தாள்.

"குடிம்மா, ஆறிடப் போவுது."

"உங்க மகனத் திருப்பிக் குடுங்க மாமா. அப்புறம் குடிக்கிறேன்."

"எதுக்கு?" என்றான் மூலையில் உம்மென்று இருந்த முஃதஸிம். "நான் பிரிச்சு வெக்க, அவங்க மாட்டிப் பேர் வாங்கவா?"

நாயிஃப் சிரிப்பை இருமலாக்கினார். அர்வா பெரியவர் பக்கமே திரும்பிப் பேசினாள்.

"போன வருஷம் அஜ்லூன் ரோட்ட பனி மூடுனப்ப, சாமான் பைய முதுகுல கட்டிக்கிட்டு மூணு கிலோமீட்டர் நடந்தே ஏறுனான் மாமா. அங்க ஏழு நோயாளிங்க காத்துக்கிட்டிருந்தாங்க. வீட்ல சொன்னானா?"

"இல்லையே!"

"நான் சத்தத்த வெச்சுக் குத்துமதிப்பா அடிப்பேன். இவன் ஒவ்வொண்ணா அளந்து பாப்பான். இவன் கை வெச்ச மெஷின் ரெண்டாந்தடவ நின்னதில்ல. என்னோடது நின்னுருக்கு. இத ஒரு நாளும் இவன்கிட்ட சொன்னதில்ல, தப்புதான். நாலு பேர் முன்னால பிடுங்குனது அதவிடப் பெரிய தப்பு."

பெரியவர் மகனை அன்றுதான் பார்ப்பவர்போலப் பார்த்தார்.

"ஒரு மெஷினப் பாக்க எனக்கு ரெண்டு மணி நேரம் ஆவும். அதுவரைக்கும் நீங்க?" என்றான் அவன்.

"வெளியில உக்காந்திருப்பேன். ஏன் லேட்டுன்னு ஏசுறவங்ககிட்ட ஏச்சு வாங்குறது என் வேலை. மெஷின் உன் வேலை."

அவன் எழுந்து வந்து ஆறிய காப்பியைக் கொட்டிவிட்டுச் சூடாக ஊற்றி நீட்டினான். "குடிங்க தலைவி."

அவள் குடித்தாளோ இல்லையோ, கதவுக்குப் பின்னாலிருந்து குலவை கிளம்பியது. அவன் அம்மாதான். மாடி வீட்டுப் பெண்கள் நிச்சயதார்த்தமோ என்று ஓடிவந்து, "பொண்ணு யாரு?" என்றார்கள்.

"பொண்ணுமில்ல கிண்ணுமில்ல! எம் மவன் வேலைக்கு வேணும்னு ஜாஹா வந்திருக்கு!"

அர்வாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. சரிசெய்த எந்த மெஷினும் அவளுக்கு இத்தனை பெருமையைத் தந்ததில்லை. அந்த அம்மாள் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இவனுக்கு மேலதிகாரி நீதானாம்மா?"

இத்தனை நாளும் யாராவது அப்படிக் கேட்டால் கூச்சத்தில் பேச்சை மாற்றிவிடுவாள்.

"ஆமா அத்தை," என்றாள் அர்வா. "நான்தான்."