கிரேக்கச் செவிலியும் என் வயிற்றெரிச்சலும்

ரோமர்கள் போரில் கிரேக்கர்களை வென்றுவிட்டு வீட்டில் அவர்களிடம் தோற்றுப்போனார்கள் என்று என் மகள் ஒருநாள் குசினி மேசையில் கொப்பிகளைப் பரப்பிக்கொண்டு சொன்னாள். பன்னிரண்டாம் வகுப்பில் அவளுக்குப் பழைய உலக வரலாறு ஒரு பாடம். கிரேக்கச் சிலைகளைக் கப்பல் கப்பலாக ஏற்றிவந்து முற்றத்தில் வைத்தவர்கள், பிள்ளைகளையும் கிரேக்கர்களிடமே வளர்க்கக் கொடுத்தார்களாம். பணக்கார வீடுகளில் அடிமைகளாக வந்த கிரேக்கப் பெண்கள்தான் செவிலிகள். தாயின் லத்தீனுக்கு முன்பே செவிலியின் கிரேக்கத்தைப் பேசிய பிள்ளைகளும் இருந்தார்களாம்.

வெங்காயம் வெட்டிய என் கை நின்றுவிட்டது. எங்கள் வேலிக்கு அங்காலும் ஒரு கிரேக்கப் பெண் இருக்கிறார்.

நாட்டைவிட்டு வந்து ஸ்பிரிங்வேலில் நாங்கள் வீடு வாங்கியபோது மகள் சின்னப் பிள்ளை. எனக்கு மருத்துவமனை ஆய்வுகூடத்தில் வேலை. பொழுதுபட்ட பிறகுதான் வீடு. கணவர் லொறியோடு வெளி மாநிலம் போனால் எப்போது வருவார் என்று தெரியாது. பக்கத்து வீட்டுக் கிரேக்கப் பெண் கணவரை இழந்தவர், பிள்ளைகளும் தூர ஊர்களில். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளை என்னோடு இருக்கட்டும் என்று தனக்குத் தெரிந்த இங்கிலீசில் அவராகவே வந்து கேட்டார். நானும் சாமிப்படத்துக்கு முன்னால் நின்று கும்பிட்டேன். அந்தக் கும்பிட்டைத் திருப்பி வாங்க வழியிருந்தால் இப்போதே வாங்கிவிடுவேன்.

இன்று என் மகள் கிரேக்கம் பேசுகிறாள். சும்மா வணக்கமும் நன்றியும் இல்லை, சண்டை பிடிக்கிற அளவுக்கு. நான் "சாப்பிட்டியோ பிள்ளை?" என்று கேட்டால் "ஐ ஆம் ஃபுல், மம்" என்று பதில் வரும். வேலிக்கு அங்கால் போனாலோ சளசளவென்று கிரேக்கம் கொட்டும். எங்கள் சனத்தில் எல்லாரையும் அன்ரி என்று முடித்துவிடுகிறவள், அவரை மட்டும் "தியா" என்பாள். கிரேக்கத்தில் மாமிக்கும் சித்திக்கும் அதுதான் சொல்லாம். அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வெறும் தட்டைத் திருப்பிக் கொடுப்பது எங்களுக்கும் வழக்கமில்லை, அவருக்கும் வழக்கமில்லை. அதனால் ஒரே பீங்கான் தட்டு எத்தனையோ வருடங்களாக வேலிக்கு மேலால் போய்வருகிறது. கீரையும் சீஸும் வைத்துச் சுட்ட அடை வந்தால் உளுந்து வடை போகும். வடை போனால் தேன் ஊற்றிய இனிப்பு வரும். பார்க்கிறவர்களுக்கு அது அன்பு. எனக்கு அது போர். வீட்டுக்கு எடுத்துவைத்த வடை மேசையிலேயே காய்ந்து கிடக்க, மகள் தேன் வழிகிற விரலைச் சூப்புவாள். அவள் அறைக்குப் போனதும் நானும் ஒரு துண்டு எடுத்துத் தின்பேன். நல்லாய்த்தான் இருக்கும், அதுதானே எரிச்சல்!

ரோமிலும் ஒரு பெரிய மனிதர் இருந்தாராம். கிரேக்கப் படிப்பு எங்கள் பிள்ளைகளைக் கெடுத்துவிடும் என்று சத்தம் போட்டவர், வயதுபோன காலத்தில் தானே உட்கார்ந்து கிரேக்கம் படித்தாராம். மகள் சிரித்துக்கொண்டு சொன்னாள். எனக்கு அந்த மனுசனைச் சட்டென்று பிடித்துப்போயிற்று.

மாணவர்கள் தங்கள் ஆய்வைப் பெற்றோருக்கு முன்னால் பேசுகிற நாள் வந்தது. "தியாவும் வாறா, ஓகேயா?" என்றாள் மகள். அது கேள்வியில்லை, அறிவிப்பு. நான் பட்டுச் சேலை உடுத்தேன். அவர் வழக்கமான கறுப்புச் சட்டையில்தான் வந்தார், ஆனால் உதட்டுச் சாயம் பூசியிருந்தார். ஓகோ, அப்படியா சங்கதி என்று நினைத்துக்கொண்டு பக்கத்துக் கதிரையில் இருந்தேன்.

மகள் நன்றாகப் பேசினாள். ரோமர்கள் கிரேக்கர்களை வெளியில் நக்கலடித்துவிட்டு வீட்டுக்குள் அவர்களுடைய புத்தகங்களைப் படித்தார்கள், அவர்களுடைய சிலைகளைப் பார்த்துப் பார்த்துச் செதுக்கினார்கள் என்றாள். முடிந்ததும் ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டார். பிள்ளை இன்னொருத்தியின் மொழியில் முதலில் பேசியபோது ரோமத் தாய்மாருக்கு எப்படி இருந்திருக்கும்?

தெரியாது என்றாள் மகள். தாய்மார் எழுதியது அநேகமாக ஒன்றும் மிஞ்சவில்லையாம். இருப்பதெல்லாம் ஆண்கள் எழுதியதாம்.

"எனக்குத் தெரியும். வயிறு பத்தி எரிஞ்சிருக்கும்!"

மனதுக்குள் சொன்னதாகத்தான் நினைத்தேன். மண்டபமே திரும்பிப் பார்த்தது. மகள் மேடையில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் தியா அவளைப் பிடித்துக்கொண்டார். உன் அம்மா என்ன சொன்னார் என்று கேட்டிருக்க வேண்டும். மகள் கிரேக்கத்தில் சொன்னாள், கொஞ்சம் நீளமாகவே சொன்னாள். என் வயிற்றெரிச்சலை எனக்கு விளங்காத மொழியில் பரிமாறிக்கொண்டு நின்றார்கள். நான் கைப்பையைப் பிடித்துக்கொண்டு விசரி மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. என் பக்கம் கையை நீட்டி நீட்டிப் படபடவென்று பேசினார். கண் கலங்கியிருந்தது, கோபமும் இருந்தது.

"என்னடி சொல்லுறா?"

இங்கிலீசில் சொன்னால் கோள் சொல்லுகிறது அவருக்கும் விளங்கிவிடும். அதனால் மகள் தட்டுத்தடுமாறித் தமிழில் சொன்னாள்.

"உங்கட கார்ச் சத்தம் கேட்டா அவவுக்கு எரிச்சல் வருமாம், அம்மா. கார் வந்து நிண்ட உடன நான் அரைவாசிச் சாப்பாட்டில எழும்பி ஓடிடுவனாம். சின்னனில இருந்தே அப்பிடித்தானாம். ஒருநாளும் திரும்பிப் பாக்கிறேல்லையாம்."

எனக்கு இது தெரியாது. நான் காரிலிருந்து பைகளை இறக்கும்போது அவள் எங்கள் வாசலில் நிற்பாள். எப்போதும் அங்கேயே நிற்கிறவள் என்றல்லவா நினைத்திருந்தேன்!

"நீ ஓடியே வாறனி?"

"ஓம்," என்றாள்.

நான் அந்த மனுசியின் கையையாவது பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. அடுத்த நாள் வேலை முடிந்து வந்து காரை வாசலில் நிறுத்தினேன். வேலிப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, நீளமாக ஒரு ஹோர்ன் அடித்தேன்.