செருப்பு அலமாரியில் ஒரு சாவி

கரியாஹாட்டில் பஸ் ஏறியதும் அக்காவுக்குப் போன் செய்தேன். கொல்கத்தாவில் நம் தமிழ் யாருக்குப் புரியப்போகிறது என்ற தைரியம், சத்தமாகவே பேசுவேன்.

"அவர் பத்து நாள் சென்னையில. நான் தனியாத்தான் இருக்கேன். இன்னொரு சாவி வாசல்ல செருப்பு அலமாரியிலேயே கிடக்கு."

பவானிபூரில் இறங்கினேன். பின் ஸீட்டில் இருந்தவரும் இறங்கினார். என் வீட்டுச் சந்துக்குள் திரும்பினேன்; அவரும் திரும்பினார். பட்டப்பகல்தான், ஆனால் சந்தில் ஒருவரும் இல்லை. தற்காப்பு வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி வீட்டுச் சாவியை விரல்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டு சட்டென்று திரும்பி நின்றேன்.

அவர் பத்தடி தள்ளியே நின்று, இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

"பயப்படாதீங்க தீதி. மனைவிக்கு வைத்தியம் பார்க்க வேலூர்ல ஒரு வருஷம் இருந்தேன். தமிழ் புரியும்," என்றார் வங்காளி உச்சரிப்பில். "அந்தச் சாவியை உடனே எடுத்துடுங்க. பஸ்ல எனக்கு மட்டும்தான் புரிஞ்சுதான்னு எனக்குத் தெரியாது."

வந்த வழியே போய்விட்டார்.

ஒரு சாவியை விரலிடுக்கில் வலிக்க வலிக்கப் பிடித்திருந்தேன். இன்னொன்றை, பஸ்ஸில் இருந்த அத்தனை பேரிடமும் நானே கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.