வெண்கலக் கார்புரேட்டர்

கதை கட்டும் சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. நான் மெக்கானிக். எஞ்சின் என்னென்ன சத்தம் போடும் என்று எனக்குத் தெரியும். அன்று கேட்டது அந்தக் கணக்கில் சேராது.

இங்கிலாந்தின் கிடர்மின்ஸ்டரில் நானும் நெவிலும் பழைய கார்களுக்கான பட்டறை வைத்திருந்தோம். 1987 டிசம்பரில், மிசஸ் ஓக்லி என்ற விதவையிடமிருந்து நெவில் ஒரு வெண்கலக் கார்புரேட்டரை வாங்கி வந்தான். காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டும் பாகம் அது. முப்பதுகளில் பந்தயக் கார்களுக்காகப் பத்துப் பன்னிரண்டுதான் செய்தார்களாம். எங்கள் ஊரில் மூலைக்கு மூலை கிடைக்கும் எஸ்.யு. கம்பெனி கார்புரேட்டரைவிட இது எதில் உசத்தி? ஒரே எஞ்சினில் இரண்டையும் மாற்றிப் பூட்டிப் பார்த்தோம்.

முதலில் எஸ்.யு. சீராக ஓடியது. நெவில் அதன் வாயை உள்ளங்கையால் மூடினான். காற்று போகாவிட்டால் எஞ்சின் நிற்க வேண்டும். இருமியது. நின்றது.

அடுத்து வெண்கலம். மாலை நான்கரை. வெளியே இருட்டிவிட்டது.

சர்ர்... சர்ர்... நடுவில் ஒரு விக்கல்.

"என்னடா நெவில், சளி பிடிச்ச கிழவன் மாதிரி இழுக்குது?"

"உன் எஸ்.யு. வெறும் டீ. இது விஸ்கிடா லென். குடிச்சுப் பழகு."

சிரித்துக்கொண்டே அதன் வாயை மூடினான்.

எஞ்சின் நிற்கவில்லை. வேகம் கூடியது.

"லென்... கை வரமாட்டேங்குது."

விளையாடுகிறான் என்று நினைத்தேன். சாவியைத் திருப்பி அணைத்தேன். அணையவில்லை. பெட்ரோல் குழாயைப் பிடுங்கினேன். அப்போதும் ஓடியது.

அது பிடித்திருந்தது கையைத்தான். ஆனால் மூச்சு திணறியது அவனுக்கு. உதடுகள் நீலமாகிவிட்டன.

விரலிடுக்கில் ரத்தம்.

சுத்தியலை எடுத்து அடித்தேன். எஞ்சின் அலறியது. மறுபடி அடித்தேன். நெவிலின் சுண்டுவிரல் நொறுங்கியது. நிறுத்தவில்லை.

வெண்கலம் பிளந்தது.

ஹா...

சூடான மூச்சு என் முகத்தில் அடித்தது.

பிறகு அமைதி.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவன் உள்ளங்கையைக் கழுவினார். வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"யார் கடிச்சது?"

"எஞ்சின்ல மாட்டிக்கிச்சு."

"எஞ்சினுக்கு ஏதுங்க பல்லு? வளர்ந்த ஆளோட கடி இது. மேல் வரிசைல முன்பல் ரெண்டு இல்ல."

மறுநாள் மிசஸ் ஓக்லிக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொல்லவில்லை. அது எந்தக் காரில் இருந்தது என்று மட்டும் கேட்டேன்.

"என் வீட்டுக்காரர் கார்லதான் தம்பி. மரத்துல மோதிட்டார். எஞ்சின் உள்ள வந்து முகத்துல இடிச்சிடுச்சு."

நன்றி சொல்லிப் போனை வைக்கப் போனேன்.

"முன்பல் ரெண்டு மட்டும்... எங்க தேடியும் கிடைக்கல."