மீன் சாகவில்லை என்று ஒரு புகார்

கடல் மீன் தொட்டி வைத்துப் பராமரிக்கிற தொழிலுக்கு இரண்டு வித்தை தெரிந்தால் போதும்: தண்ணீர் மாற்றத் தெரிய வேண்டும், துக்கம் விசாரிக்கத் தெரிய வேண்டும். முதல் வித்தையை யாரும் பாராட்டுவதில்லை. இரண்டாவதில் கொஞ்சம் பிசகினாலும் வேலை போய்விடும். ஏ.சி. மெக்கானிக், வாட்டர் ஃபில்டர்காரர், வீட்டுக்கு வந்து ஊசி போடுகிற நர்ஸ் என்று அடுத்தவர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்த் திட்டு வாங்குகிற யாராக இருந்தாலும் நீங்கள் நம்ம கட்சி. உங்களுக்குச் சொன்னால்தான் இது புரியும்.

நான் குடியிருப்பது மும்பையில், மாட்டுங்கா லேபர் கேம்ப். தாராவியில் கண்ணாடித் தொட்டி ஒட்டி விற்கிற காதர் பாய் என் கூட்டாளி. அவர் தொட்டியை விற்பார். நான் போய் உப்புத் தண்ணீர் கலந்து, கல் அடுக்கி, பவளம் வைத்து, மீன் விட்டு, பிறகு வாராவாரம் எட்டிப்பார்த்து வருவேன். ஸ்கூட்டரின் முன்னால் தண்ணீர்க் கேன், பின்னால் உப்பு மூட்டை. சிக்னலில் நிற்கும்போது நான் மாவு வியாபாரி என்றுதான் நினைப்பார்கள்.

பக்கத்திலேயே சமுத்திரம்

மாட்டுங்காவில் எனக்கு ஒரு வாடிக்கையாளர் உண்டு. பெரிய ஆபீசில் இருந்து ரிட்டயர் ஆனவர். நான் கொண்டுபோகும் உப்புக் கலவையும் வடிகட்டிய தண்ணீரும் அவருக்குப் பெரிய மோசடியாகப் பட்டன. சுற்றிலும் கடலை வைத்துக்கொண்டு இவன் கேனில் கடல் விற்கிறானே என்று ரொம்ப நாளாக மனதுக்குள் பொருமிக்கொண்டிருந்திருக்கிறார். ஒருநாள் டிரைவரை மாஹிம் கரைக்கு அனுப்பி, கேன் கேனாக அள்ளிவரச் சொல்லித் தொட்டியில் ஊற்றிவிட்டார். அந்தத் தண்ணீரில் என்னென்ன கலந்திருக்கிறது என்று லேபர் கேம்ப்காரனான எனக்கு நன்றாகவே தெரியும். எங்கள் சாக்கடை போய்ச் சேருவதும் அந்தப் பக்கம்தான்.

நான் போனபோது மீன்கள் பக்கவாட்டில் மிதந்துகொண்டிருந்தன. பவளங்கள் சளியாக வழிந்துகொண்டிருந்தன. வீடு முழுக்க மீன் மார்க்கெட் வாடை. சைவக் குடும்பம், மாமி மூக்கைப் பொத்திக்கொண்டு பால்கனிக்கே போய்விட்டார். நான் அமோனியா, கழிவு, கிருமி என்று பாடம் நடத்தினேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "அப்போ சமுத்திரத்துல இருக்கற மீனுக்கெல்லாம் யாருப்பா கேன்ல தண்ணி கொண்டுபோய்க் கொடுக்கறா? நீயா?"

காதர் பாயின் மருந்து

நேரே தாராவிக்குப் போய்க் காதர் பாயிடம் புலம்பினேன். அவர் ஒரு தொட்டியின் மூலையில் சிலிக்கான் பிதுக்கிக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே மருந்து சொன்னார். மீன் ஏன் செத்தது என்று விளக்கவே கூடாதாம். "வீட்டுக்கு வரவேண்டிய கண்டம், மீன் வாங்கிக்கிச்சு" என்று மட்டும் சொல்ல வேண்டுமாம். தமிழர், மராட்டியர், குஜராத்தி, சிந்தி, எந்த வீட்டிலும் இதற்கு மறுபேச்சு கிடையாதாம்.

எனக்கு நம்பிக்கை இல்லை. இருந்தாலும் மாட்டுங்கா சாரிடம் திரும்பிப்போய் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னேன். அவர் முகமே மாறிவிட்டது. போன வாரம் பாத்ரூமில் வழுக்கப் பார்த்து எப்படியோ தப்பித்ததை நினைவுபடுத்திக்கொண்டார். மாமி உள்ளே போய் எனக்கு முதல்முறையாகக் காப்பி கொண்டுவந்தார். புது மீனுக்கும் ஆர்டர் கிடைத்தது. காதர் பாயிடம் வந்து சொன்னேன். அவர் சிரிக்கக்கூட இல்லை: "சயின்ஸ் சொன்னா சண்டைக்கு வாரான், கண்டம்னு சொன்னா காப்பி தாரான். இதுல யோசிக்க என்னா இருக்கு?"

கல்லுக்கு வந்த வைத்தியர்

திலக் நகர் கோமதி அக்காவை என்னிடம் அனுப்பியவரும் காதர் பாய்தான். அக்காவின் கணவர் பேச்சிமுத்து அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தாராவியில் லேத் பட்டறை வைத்திருந்தவர். சர்க்கரை வியாதி அவருடைய சிறுநீரகங்களைத் தின்றுவிட்டது. பட்டறையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, டயாலிசிஸுக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் ஹாலில் ஒரே நாற்காலிதான். அந்த நாற்காலிக்கு எதிரே சின்னத் தொட்டி ஒன்று வைத்துத் தர வேண்டும் என்றார் அக்கா. கடல் மீன்தான் வேண்டும் என்பதிலும் பிடிவாதமாக இருந்தார்.

கடல் தொட்டியில் எடுத்த எடுப்பில் மீன் விடக் கூடாது. உப்புத் தண்ணீரில் கல்லை மட்டும் போட்டு, நல்ல கிருமிகள் பிடிக்கிறவரை வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நான் வாராவாரம் போய் வெறும் கல்லைப் பார்த்து, தண்ணீரைச் சோதித்து, தலையாட்டிவிட்டு வந்தேன். பிறகு பவளங்களை வைத்தேன். அக்காவுக்கு அதுவும் கல்தான். "மீனு எப்பத்தான் தம்பி வரும்?" என்று பறந்தார். அண்ணாச்சிக்கு அவசரமே இல்லை. பழைய தண்ணீரை நான் குழாய் வழியாக உறிஞ்சி எடுப்பதையும் புதியதை ஊற்றுவதையும் பார்த்துக்கொண்டே இருந்தவர் ஒருநாள் சொன்னார்: "எனக்கும் ரத்தத்த வெளிய எடுத்துக் கழுவித்தான் உள்ள விடுதானுவ. தொட்டியா நானா, யாரு ரொம்ப நாளு ஓடுதோம்னு பாப்போம் வே."

அந்தப் புகார்

ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட மீன் ஒரு ஜோடியும், செவ்வரி ஓடிய இறால் ஒன்றும் விட்டேன். தொட்டி பிரமாதமாக அமைந்துவிட்டது. பவளங்கள் விரிந்தன, மீன்கள் கொழுத்தன, பெரியது முட்டைகூட இட்டது. கரண்ட் போனாலும் தாக்குப்பிடிக்க பேட்டரி மோட்டார், மே மாத வெயிலுக்குத் தனி ஃபேன் என்று நான் என் வித்தை அத்தனையும் அந்தத் தொட்டியில் காட்டியிருந்தேன். வேறு வாடிக்கையாளர்களுக்கு அதன் போட்டோவைக் காட்டித்தான் வேலை பிடித்தேன்.

ஒருநாள் அக்கா என்னை அடுப்படிப் பக்கம் கூப்பிட்டார். பாராட்டப்போகிறார் என்று நினைத்துக் கையைத் துடைத்துக்கொண்டு போனேன். டயாலிசிஸில் அண்ணாச்சிக்கு இரண்டு தடவை மயக்கம் வந்துவிட்டதாம், டாக்டர் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லையாம். குரலைத் தாழ்த்திக்கொண்டார். வீட்டுக் கண்டத்தை மீன் வாங்கும் என்று காதர் பாய் சொன்னதால்தான் தொட்டி வாங்கினாராம். எத்தனையோ பேர் எத்தனையோ புகார் சொல்லியிருக்கிறார்கள். இப்படி ஒன்றை நான் அதற்கு முன் கேட்டதில்லை: "கடல் மீனு சீக்கிரம் செத்துரும்னுதான தம்பி இத வாங்குனேன். நீங்க எதுக்கு இவ்வளவு நல்லாப் பாத்துக்கிடுதிய?"

அண்ணாச்சியின் உத்தரவு

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? நான் தலையைச் சொறிந்துகொண்டு இறங்கிவந்துவிட்டேன். அடுத்த வாரம் போகவே கால் கூசியது. ஒரு மீனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டுச் செத்ததாகச் சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். நான் போன நேரம் அக்கா காய் வாங்கக் கீழே போயிருந்தார். அண்ணாச்சி மட்டும் தொட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கை முழுக்க ஊசி ஏறிப் புடைத்த நரம்பு.

அவருக்கு எல்லாமே தெரிந்திருந்தது. "ஒம்மகிட்டயும் கேட்டுட்டாளா?" என்று அவரே ஆரம்பித்தார். நான் சும்மா சிரித்துவைத்தேன். ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். மூச்சு வாங்க, நிறுத்தி நிறுத்திப் பேசினார்: "ஒரு மீனையும் சாக விட்டுராதயும். ஒண்ணு செத்துச்சுன்னா நான் பொழச்சுட்டேன்னு நம்பிருவா. நம்பிட்டான்னா, பொறவு நான் போகும்போது தாங்கமாட்டா வே."

தாமிரச் சொம்பு

மழை பிடித்த சமயத்தில் முதலில் இறால் செத்தது, அக்கா கண்ணில் படுவதற்குள் எடுத்து மறைத்துவிட்டேன். பிறகு பவளங்கள் ஒவ்வொன்றாகச் சுருங்கின. மலர்ந்து ஆடிக்கொண்டிருந்ததெல்லாம் நூல் நூலாகக் கழன்று, வெள்ளை எலும்பு தெரிந்தது. மீன்களுக்கு மட்டும் ஒன்றுமில்லை, வழக்கம்போல் தீனிக்கு முட்டிமோதின. நான் உப்பைச் சோதித்தேன், விளக்கைச் சோதித்தேன், மண்டை காய்ந்துபோனேன். அப்போதுதான் அக்கா பூஜை அலமாரியிலிருந்து தாமிரச் சொம்பை எடுத்துக்கொண்டு வந்தார். காலையிலேயே நிரப்பிச் சாமி முன்னால் வைத்த தண்ணீர். அண்ணாச்சியின் தலையை மூன்று தடவை சுற்றினார். தொட்டியில் ஊற்றினார். ஊரில் என்றால் சுற்றிப்போட்ட தண்ணீரை முச்சந்தியில் கொட்டுவார்கள். நாலாவது மாடியிலிருந்து அவர் எங்கே போய்க் கொட்டுவார்? ஆவியாகிக் குறைகிற தண்ணீரைத் தினமும் நிரப்பச் சொல்லி நான் வைத்துவிட்டுப் போன கேன் தண்ணீரைத்தான் அவர் சொம்பில் பிடித்து ஊற்றிவந்திருக்கிறார்.

விஷயம் புரிந்துவிட்டது. தாமிரம் கொஞ்சம் இறங்கினால் மீன் தாங்கும், பவளமும் இறாலும் தாங்காது. தினமும் சொட்டுச் சொட்டாகச் சேர்ந்திருக்கிறது. எனக்குக் கோபம் தாங்கவில்லை. இது கல் இல்லை அக்கா, இந்த ஒவ்வொரு புள்ளியும் ஒரு பிராணி, ஒவ்வொன்றுக்கும் வாய் உண்டு, வயிறு உண்டு, அத்தனையும் செத்துப்போச்சு என்று கத்திவிட்டேன். அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அழப்போகிறார் என்று பயந்தேன். அவர் கண்ணாடியில் விரலை வைத்து அந்த வெள்ளைக் கூடுகளைத் தடவிப்பார்த்துவிட்டு, அண்ணாந்து என்னைக் கேட்டார்: "அப்ப இதெல்லாம் உசுருதானா தம்பி? கணக்குல சேருமா?"

துக்கம் விசாரிக்கப் போனது

சேரும் என்றேன். நாற்காலியில் அண்ணாச்சி இருந்தார், அவர் சொன்னது எனக்கு மறக்கவில்லை. ஆனாலும் அக்காவின் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு எதுவும் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. உங்களுக்கு வருமா? அண்ணாச்சி என்னைத் திட்டவில்லை, கண்ணை மூடிக்கொண்டார். அதன்பிறகு அக்கா ஆளே மாறிப்போனார். தலையில் பூ வைத்தார், திருச்செந்தூருக்கு முடி நேர்ந்தார், நான் போகும்போதெல்லாம் காப்பி கொடுத்தார். அந்தக் காப்பி எனக்கு இறங்கவில்லை.

மழை விடுவதற்குள் அண்ணாச்சி போய்விட்டார். டயாலிசிஸ் நடந்துகொண்டிருக்கும்போதே உயிர் பிரிந்ததாகக் காதர் பாய் வந்து சொன்னார். அவரும் அன்று கடையைத் திறக்கவில்லை. காரியம் முடிந்த பிறகு போனேன். நாற்காலி காலியாக இருந்தது. தொட்டியில் வெள்ளைக் கூடுகளுக்கு நடுவே மீன்கள் இரண்டும் சுற்றிக்கொண்டிருந்தன. எத்தனையோ வீடுகளில் செத்த மீனுக்கு வாய் ஓயாமல் துக்கம் விசாரித்தவன் நான். அங்கே எனக்கு அழுகைதான் வந்தது. மீனை எடுத்துக்கொண்டு போய்விடச் சொன்னார் அக்கா. நான் அழுவதைப் பார்த்து, என் பொய்யை அவர் கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன். அவர் என்னைத்தான் தேற்றினார்: "நீங்க சொன்னதுல தப்பில்ல தம்பி. அதெல்லாம் சின்னச் சின்ன உசுருல்லா, அவுக பெரிய உசுரு. பத்தாமப் போச்சு."

இப்போதெல்லாம் எந்த வீட்டில் மீன் செத்தாலும், தண்ணீரில் அமோனியா ஏறிவிட்டது என்ற உண்மையைச் சொல்லி, காப்பி இல்லாமல் திட்டை மட்டும் வாங்கிக்கொண்டு படியிறங்குகிறேன்.