பாதியில் நின்ற வாழ்த்துரை

சிறுமலையிலிருந்து வாழைத்தார் ஏற்றி வந்த லாரி செம்பட்டி முக்கில் கவிழ்ந்து, சுற்றுப்பட்டு ஊர்க்காரர்களெல்லாம் ஒரு வாரம் பழமாகவே தின்றார்களே, அதற்கு அடுத்து வந்த தை மாதம்தான் என் சித்திக்குக் கல்யாணம். எந்த வருஷம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பள்ளிக்கூடத்துப் பக்கம் நான் அதிகம் ஒதுங்கியதில்லை. சிறுமலைப் பழத்தைத் தோல் கறுத்த பிறகுதான் தின்ன வேண்டும் என்பது மட்டும் நன்றாகத் தெரியும். அது வேறு கதை.

சித்தி என்றால் அம்மாவின் கடைசித் தங்கை. நிலக்கோட்டைக்குப் பக்கத்தில் தாத்தாவுக்கு மல்லிகைத் தோட்டம் இருந்தது. மாப்பிள்ளை திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறை வைத்திருந்தவரின் மகன். பெண் பார்க்க வந்த அன்று காப்பியைக் குடித்தார், தரையைப் பார்த்தார், போய்விட்டார். சித்திக்கு அதுதான் பெரிய விசாரம். பூக் கட்டிக்கொண்டே அம்மாவிடம் கேட்டாள்.

“ஏக்கா, அவரு ஒரு வார்த்தை பேசலையே. என்னத்தப் பாத்து நான் சரிங்கிறது?”

“உன்னைய யாரு சரிங்கச் சொன்னா? அதான் அப்பா சொல்லிட்டாருல்ல,” என்றாள் அம்மா.

எனக்கு இதிலெல்லாம் அக்கறை இல்லை. எட்டு வயசு எனக்கு. என் கண்ணெல்லாம் மாமா மேல். அவர் அம்மாவின் அண்ணன். பூக்கூடைகளை வேனில் ஏற்றி அனுப்புவது அவர் வேலை. ஆனால் அவர் உயிர் வாழ்ந்தது பொதுக்கூட்டம் கேட்கத்தான். திண்டுக்கல் மலைக்கோட்டை அடிவாரத்தில் யாராவது பேசுகிறார்கள் என்றால் போதும், சைக்கிளை எடுத்துவிடுவார். அந்தக் காலத்தில் கிரேக்கத்துக்காரர் ஒருவரையாவது இழுக்காமல் எந்தப் பேச்சாளரும் மேடையை விட்டு இறங்க மாட்டார். கேட்டுக் கேட்டு அவர்களெல்லாம் மாமாவுக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். ஒருவர் பெரிய சாடிக்குள் குடியிருந்துகொண்டு, எனக்கு வெயில் போதும், வேறொன்றும் வேண்டாம் என்றாராம். ஒருவர் ரொட்டியும் கூட உட்கார்ந்து தின்னச் சிநேகிதரும் இருந்தால் அதுதான் விருந்து என்றாராம். பெயர்கள் மாமா வாயிலேயே தினம் ஒரு தினுசாக வரும். என் வாயில் இன்றுவரை நுழையவில்லை.

அப்போது எங்கள் பக்கம் ஐயர் இல்லாமல், மேடை போட்டுப் பேசி நடத்துகிற கல்யாணம் பரவிக்கொண்டிருந்தது. தங்கச்சி கல்யாணமும் அப்படித்தான் நடக்க வேண்டும் என்று மாமா ஒற்றைக்காலில் நின்றார். முதலில் வாழ்த்துரை, பிறகு தாலி. வாழ்த்துவது யார்? மாமாவேதான்.

மார்கழி முழுக்க மல்லிகைச் செடிகளுக்கு முன்னால் ஒத்திகை நடந்தது. நான்தான் கூட்டம். அவர் வலது கையை நீட்டினால் கைதட்ட வேண்டும். கதை இதுதான். கிரேக்கத்துப் பக்கம் ஒரு ராசா, வீடெல்லாம் தங்கம். ஊர் சுற்றி வந்த ஒரு ஞானியிடம், உலகத்திலேயே சந்தோஷமானவன் யார் என்று கேட்கிறான். நீதான் என்று சொல்வார் என்று எதிர்பார்க்கிறான். அவரோ செத்துப்போன ஒரு சாதாரணக் குடியானவன் பேரைச் சொல்கிறார். ராசாவுக்குக் கோபம். அப்போது ஞானி சொல்லும் பதில்தான் உச்சம். அங்கேதான் வலது கை நீளும்.

கல்யாணத்தன்று வேப்பமரத்தில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டினார்கள். இட்லியைப் பாதியில் வைத்துவிட்டு, எல்லோருக்கும் முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டேன். மேடையில் சித்தி தலை குனிந்திருந்தாள். மாப்பிள்ளை வழக்கம்போல வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

மாமா பேசினார் பாருங்கள். மைக்கில் அவர் குரல் அடுத்த ஊர் வரைக்கும் போயிருக்கும். ராசா வந்தான், தங்கம் வந்தது, ஞானி வந்தார். பந்தலில் சத்தமே இல்லை. நான் தட்டுவதற்கு இரண்டு கையையும் தயாராக வைத்துக்கொண்டேன்.

“எவனையும் அவன் சாகும் நாள் வரைக்கும் மகிழ்ச்சியானவன் என்று சொல்லாதீர்கள்,” என்றார் மாமா. வலது கை நீண்டது. அது நீண்ட இடத்தில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. மைக் செத்துப்போன அமைதியில், நான் மட்டும் பலமாகக் கைதட்டினேன்.

அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். அதற்குள் மாப்பிள்ளையின் அப்பா எழுந்துவிட்டார். “தாலி கட்டுற எடத்துல சாவுப் பேச்சா? ஏலே, எந்திரிடா. இந்தச் சம்பந்தமே வேணாம்.”

“எழவு வீட்டுக்குப் பேச வேண்டியத மாத்திக் கொண்டாந்துட்டான் போல,” என்றது பின்னால் ஒரு குரல்.

“இவனப் பெத்ததுக்கு இன்னும் ரெண்டு மல்லிப் பதியன் வச்சிருக்கலாம்,” என்று தாத்தா தலையில் கை வைத்தார். பந்தல் இரண்டுபட்டது. திண்டுக்கல்காரர்கள் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். மாமாவின் வாய் அசைகிறது, பேச்சு ஒன்றும் கேட்கவில்லை. சித்தி குனிந்த தலை நிமிராமல் அப்படியே இருந்தாள். அவள் மடியில் சொட்டுச் சொட்டாக ஈரம் விழுந்தது.

மாப்பிள்ளை எழுந்திருக்கவில்லை. “இருங்கப்பா,” என்றார். “அவரு இன்னும் பேசி முடிக்கல.”

“இன்னும் என்னத்தடா முடிக்கணும்?”

“அது தெரியாமப் போக வேணாம்ப்பா.” மாமாவின் பக்கம் திரும்பினார். “மச்சான், மீதியையும் சொல்லுங்க. மைக்கு வேணாம். நான் கேக்குறேன்.”

அந்த ஆள் பேசுவார் என்பதே பாதிப் பேருக்கு அப்போதுதான் தெரியும். அதற்காகவே பந்தல் அடங்கியது. மாமா மேடை விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். மேடைத் தமிழெல்லாம் போய், வீட்டில் பேசுகிற மாதிரி பேசினார்.

“அது ஒண்ணுமில்ல மாப்ள. அந்த ராசா இன்னைக்குக் கையில இருக்குறத வச்சே சந்தோசம்னு முடிவு கட்டிட்டான். பூவு விடியக்காலம் ஒரு வெல விக்கிது, பொழுது சாஞ்சா கேக்க ஆளில்ல. இந்த மால, பந்தல், சாப்பாடு எல்லாம் ஒரு நாளைக்கு. இத வச்சு நீங்க நல்லா இருக்கீங்கன்னு நான் சொல்ல மாட்டேன். கடைசி வரைக்கும் ஒண்ணா நடங்க. நடந்து முடிச்ச பெறகு ஊரு சொல்லட்டும், ரெண்டு பேரும் நல்லா வாழ்ந்தாங்கன்னு. அம்புட்டுதான்.”

மாப்பிள்ளையின் அப்பா திரும்பி வந்து உட்கார்ந்தார். “இத மொதல்லயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானய்யா.”

“மொதல்ல ராசா கதை வரணும்ல மாமா,” என்றார் என் மாமா.

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். செருப்புகள் மறுபடி கழன்றன. தாலி ஏறியது.

எனக்கோ ஆத்திரம். ஒரு மாதம் தொண்டை கிழியப் பாடுபட்டவர் மாமா, மாப்பிள்ளை சொன்னது நாலே வார்த்தை, பந்தியில் பேச்செல்லாம் மாப்பிள்ளையைப் பற்றித்தான். அந்த நாலு வார்த்தைக்குச் சித்தி சட்டென்று தலை நிமிர்ந்து அவரை முழுசாகப் பார்த்ததை நானும் கண்டேன். கரண்ட் வந்துவிட்டதா என்று பார்க்கிறாள் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

தாத்தா வீட்டில் சித்தி ஒரு பேச்சை ஆரம்பித்தால் பாதியில் யாராவது வெட்டிவிடுவோம். தாத்தா வெட்டுவார், அம்மா வெட்டுவாள், “செத்த இரு” என்று சொல்லிவிட்டு மாமா கிரேக்கத்துக்குக் கிளம்பிவிடுவார். அது ஒரு குறை என்றே எங்களுக்குத் தெரியாது. மீசை முளைத்த பிறகு ஒரு தடவை திண்டுக்கல்லில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். குழாயடியில் குடத்துக்கு நடந்த சண்டையைச் சித்தி நீட்டி முழக்கிச் சொல்லிக்கொண்டிருந்தாள். சித்தப்பா சாவிக்கு அரம் போடுவதை நிறுத்திவிட்டு, கடைசிக் குடம் நிரம்பும் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது, பந்தலில் அவள் எதைப் பார்த்தாள் என்று.

இதைக் கேட்டவர்கள் எனக்காக ஒன்று செய்யுங்கள். உங்கள் சொந்தத்தில் எந்தப் பெண்ணுக்காவது மாப்பிள்ளை பார்த்தால், இந்தக் கல்யாணத்தை அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள். அவள் அப்பாவிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை. பாதியிலேயே எழுந்து போய்விடுவார்.