சின்னமனூர் தாண்டாதவள்

போன சித்திரையில், ஓடைப்பட்டியில் என் அண்ணன் வீட்டு வாசலில் நடந்தது இது. அப்போது நான் மால்டாவிலிருந்து விடுப்பில் வந்திருந்தேன். மால்டா எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு, இத்தாலிக்குக் கீழே ஒரு தீவு என்று சொல்வேன். இத்தாலி எங்கே என்று கேட்டால், ரொம்ப தூரம் என்று முடித்துவிடுவேன்.

என் படிப்பு எட்டாவதோடு நின்றது. கல்யாணமான இரண்டாவது வருடமே வீட்டுக்காரர் வேறு குடும்பம் பார்த்துக்கொண்டார். அதற்குப் பிறகு நான் ஒரே இடத்தில் தங்கியதில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனி. மலைக்கு மேலே கேரளப் பக்கம் ஏலக்காய்த் தோட்டம். அங்கேயே ஒரு மலையாளி வீட்டில் படுத்த படுக்கையாக இருந்த அம்மாவைக் கவனிக்கும் வேலை. அந்தப் பழக்கத்தில் பஹ்ரைன். திரும்பி வந்து கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரி. கஷ்டம் இல்லாமல் இல்லை, எல்லா ஊரிலும் உள்ள கஷ்டம்தான். சோறு கிடைத்தது, படுக்க இடம் கிடைத்தது. அலுத்துப் போனால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

மால்டா மட்டும் எனக்கு அலுக்கவில்லை. ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. அங்கே ஒரு பெரியவர் தினமும் காலையில் என்னிடம் எந்த ஊர் என்று கேட்பார். ஓடைப்பட்டி என்பேன். நல்ல ஊர் என்று தலையாட்டுவார். மறுநாள் மறுபடியும் கேட்பார். வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் முழுக்கக் கடல். இங்கேயே இருந்துவிடலாம் என்று வாழ்க்கையில் முதல் முறையாக எனக்குத் தோன்றியது அந்த ஊரில்தான்.

ஆனால் வெளிநாட்டில் நாம் இருந்தால் மட்டும் போதாது, நாம் இருக்கிறோம் என்று காகிதமும் சொல்ல வேண்டும். போட்டோ ஒட்டிய அட்டை ஒன்று தருவார்கள். அது இருந்தால்தான் வேலை, வீடு எல்லாம். வருடா வருடம் அதைப் புதுப்பிக்க வேண்டும். வாடகைக்கு வீடு கொடுத்தவரிடம் கையெழுத்து, வேலை கொடுத்தவரிடம் கடிதம், இன்சூரன்ஸ், கைரேகை. ஒரு முறை இயந்திரம் என் ரேகையை எடுக்கவே மாட்டேன் என்றது. நாள் முழுக்கச் சோப்புத் தண்ணீரில் கிடக்கும் கை. கவுண்டரில் இருந்த பெண் தன் பையிலிருந்து களிம்பு எடுத்துக் கொடுத்து, தேய்த்துவிட்டு வரச் சொன்னாள். வரிசையில் பின்னால் நின்ற நேபாளிப் பெண்ணுக்கும் அதே களிம்பைக் கொடுத்தேன். நான் எட்டாவது என்றாலும் என் ஃபைலைப் பார்த்தால் வக்கீல் வீட்டு ஃபைல் மாதிரி இருக்கும்.

போன வருடம் அந்த இல்லம் கைமாறியது. புதிய நிர்வாகம் எங்கள் எல்லோரிடமும், சொந்த நாட்டுப் போலீசில் நம் மேல் வழக்கு எதுவும் இல்லை என்று நற்சான்று கேட்டது. அது வந்தால்தான் அட்டைக்கு எழுதிக்கொடுப்பார்கள். அட்டை முடியும் தேதிக்குள் நான் சான்றோடு திரும்பவில்லை என்றால், வேலை போய்விடும். பிறகு ஏஜென்ட், விசா, வரிசை என்று முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். என் வயதுக்கு இன்னொரு முறை எடுப்பார்களா என்பது சந்தேகம். அதற்காகத்தான் வந்தேன்.

சின்னமனூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் விண்ணப்பம் போட்டு, மதுரைக்குப் போய் பாஸ்போர்ட் அலுவலகத்தில் காட்டிவிட்டு வந்தேன். இனி உள்ளூர் போலீஸ் வீட்டுக்கு வந்து அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள், நாலு பேர் நல்லபடியாகச் சொன்னால் முடிந்தது என்றார்கள். வீட்டில் வந்து அதை அப்படியே சொன்னேன். மதினி, அதாவது என் அண்ணன் மனைவி, நான் பார்த்துக்கிறேன் என்றார். அந்தச் சொல்லைக் கேட்டபோதே எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும்.

எங்கள் தெருவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அண்ணன் வீட்டு ரேஷன் கார்டில் என் பெயர் இன்னும் இருக்கிறது. எங்கள் தெருவில் பாதி வீட்டில் இதே கதைதான். ஒருவர் திருப்பூரில் இருப்பார், ஒருவர் துபாயில் இருப்பார், பெயர் மட்டும் கார்டில் இருக்கும். யாராவது விசாரிக்க வந்தால் தெரு முழுக்க ஒரே பதில்தான்: இங்கனதான் இருக்காக, இப்பத்தான் தோட்டத்துக்குப் போனாக. அதைப் பொய் என்று யாரும் நினைப்பதில்லை. பக்கத்து வீட்டுக்குச் செய்யும் ஒத்தாசை, அவ்வளவுதான்.

விசாரிக்க வேண்டிய ஏட்டு ஒரு நாள் காலையிலேயே பைக்கில் வந்துவிட்டார். நான் குளித்துக்கொண்டிருந்தேன். வாசலில் மதினி அவரோடு பேசுவது கேட்டது.

"எங்க நாத்தனாதான். இங்கனதான் இருக்காக."

"எத்தனை வருசமா?"

"பொறந்ததுல இருந்து."

"வெளியூருக்கு வேலைக்கு எதுவும் போனதுண்டா?"

"ம்ஹூம். சின்னமனூரு தாண்டுனதில்ல. சந்தைக்குக்கூட அவுக அண்ணந்தான் போவாக."

எனக்குத் தலையில் ஊற்றிய தண்ணீர் அப்படியே நின்றது போல இருந்தது. அவசரமாகத் துடைத்து உடுத்துவதற்குள் பக்கத்து வீட்டு மாமா குரலும் கேட்டது. அவருக்குத் திராட்சைத் தோட்டம் இருக்கிறது.

"தங்கமான பிள்ளை ஏட்டய்யா. தெனம் எந்தோட்டத்துலதான் பழம் வெட்டுது. நேத்துக்கூட வந்துச்சு."

அந்த மாமா தோட்டத்துக்கு நான் போய் எத்தனையோ வருடம் ஆகிறது. ஈரத் தலையோடு ஃபைலைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். ஏட்டு என் பாஸ்போர்ட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏம்மா, நீ சின்னமனூரு தாண்டலைன்னு இவுக சொல்றாக. இதுல பஹ்ரைன் சீலு இருக்கு, மால்டான்னு ஒண்ணு இருக்கு. இதெல்லாம் யாரு போனது?"

"நான்தான் சார் போனேன்."

"அது சும்மா, போனதும் வந்தாச்சு" என்றார் மதினி பின்னாலிருந்து.

ஏட்டுக்குக் கோபம் வரவில்லை. அதைவிட மோசமாக, சந்தேகம் வந்துவிட்டது. "எதுக்கு மறைக்கிறீங்க? போன இடத்துல எதுவும் கேசு கீசு ஆகிப்போச்சா?" என்று கேட்டார். திருப்பூரில் எப்போதிலிருந்து எப்போது வரை, மலையில் எத்தனை வருடம், நடுவில் எங்கே என்று வரிசையாகக் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அலுத்தபோது கிளம்பியவள், வருடத்தை எங்கே குறித்து வைத்தேன்? திருப்பூருக்குச் சொன்ன வருடமும் மலைக்குச் சொன்ன வருடமும் ஒன்றாக வந்தன. மதினி நடுவில் உதவிக்கு வந்து இன்னும் கெடுத்தார்.

ஏட்டு பேனாவை மூடினார். "நான் கேட்டதை அப்படியே எழுதிருவேன்மா. சாட்சி சொன்னதும் பாஸ்போர்ட்டும் ஒத்து வரலைன்னு போகும். அதுக்கு மேல பாஸ்போர்ட்டு ஆபீசுல பாத்துக்கிருவாக." எனக்கு அதன் அர்த்தம் தெரியும். மறு விசாரணை, மறு தேதி. அதற்குள் என் அட்டை முடிந்துவிடும்.

பைக்கை எடுக்கப் போனவர், காலையில் எதுவும் சாப்பிடவில்லை போலிருக்கிறது, எதிர்வீட்டு வாசலில் இருந்த இட்லிக் கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தார். இவருக்கு வேறு கடையே கிடைக்கவில்லையா என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கடை எதிர்வீட்டு அத்தையுடையது. உறவில்லை, தெருவில் அப்படித்தான் கூப்பிடுவோம். காலையில் அடுப்பைப் பற்ற வைத்தால் அவர் முகம் எங்கள் வாசலைப் பார்த்துத்தான் இருக்கும். நான் திருப்பூர் போனபோது, லாரிக்காரனோடு போய்விட்டாள் என்று சொன்னவர் அவர். பஹ்ரைனிலிருந்து செயினோடு வந்தபோது, யார் போட்டது என்று ஊரெல்லாம் கேட்டவரும் அவர்தான். அவருக்கும் எனக்கும் பேச்சு நின்று வெகுகாலம் ஆகிறது. ஊருக்கு வந்தால் நான் அடுத்த தெருவுக்குப் போய் இட்லி வாங்குவேனே தவிர, அந்தக் கடைப் பக்கம் போக மாட்டேன்.

ஏட்டு இட்லியைப் பிட்டுக்கொண்டே எங்கள் வீட்டைக் கண்ணால் காட்டி என்னவோ கேட்டார். அத்தை மெதுவாகப் பேசத் தெரியாதவர்.

"யாரு, மால்டாக்காரியா?"

ஏட்டு பிட்ட இட்லியை அப்படியே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"அவ எங்கன இங்க இருந்தா? ஒரு இடத்துல தரிக்க மாட்டா. கால்ல சக்கரத்தைக் கட்டிக்கிட்டுப் பொறந்தவ. எம்மூத்தவளுக்குத் தலைப்பிரசவம் ஆகி அவ இங்கன கெடந்தாள்ல, அந்த வருசம் திருப்பூரு போனா. ஆலங்கட்டி மழை பேஞ்சு திராச்சை பூராம் கொட்டுச்சே, அந்த வருசம் ஏலக்காத் தோட்டம். அங்கன ஒரு மலையாளத்தம்மாவுக்குப் பீத்துணி அலசுனா. அது செத்த பெறகு பஹ்ரைனு. எங்க வீட்டுக்காரர் தவறுன மறுவாரம் பிளேன் ஏறுனா. வாசலைத் தாண்டித்தான் போனா, ஒரு வார்த்தை துக்கம் கேக்கல."

அதைக் கேட்டுக்கொண்டு நான் அண்ணன் வீட்டு நிலையைப் பிடித்தபடி நின்றேன். ஏட்டு, நான் கொடுத்திருந்த பாஸ்போர்ட் நகலை மடியில் விரித்துவிட்டார். அத்தையின் வீட்டுக்காரர் எப்போது தவறினார், மூத்த மகளின் பிள்ளைக்கு இப்போது என்ன வயது என்று கேட்டுக் கேட்டு விரல் விட்டு எண்ணினார். சீலும் அத்தையின் கணக்கும் ஒன்றின் மேல் ஒன்று அச்சாகப் பொருந்தின. கொரோனா சமயத்தில் நான் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் இருந்தது வரை அத்தைக்குத் தெரிந்திருந்தது. சீக்காளியாக இல்லை, வேலைக்காரியாக என்று அவரே திருத்தியும் சொன்னார்.

"எல்லாஞ் சரி, கேசு எதுவும் உண்டா? திருட்டு, அடிதடி?"

"இருந்தா நான் சொல்ல மாட்டேனா?" அத்தை கரண்டியை வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தார். "அவளுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கெடையாது. திமிரு புடிச்சவ. எங்கடையத் தாண்டிப் போயி அடுத்த தெருவுல இட்லி வாங்கித் திம்பா. அப்பிடியாப்பட்டவ மேல சின்னதா ஒரு கேசு இருந்திருந்தா இந்நேரம் தெருவுக்கே தெரிஞ்சிருக்கும். நானும் இத்தனை வருசமாப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். ஒண்ணும் சிக்கல."

ஏட்டு சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறிவிட்டது. அத்தை தண்ணீர் செம்பை நீட்டினார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு, இதற்குச் சாட்சிக் கையெழுத்துப் போட முடியுமா என்று கேட்டார் ஏட்டு.

"கையெழுத்தா? அவளுக்கா?" என்றார் அத்தை. ஆனால் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கிவிட்டார்.

ஏட்டு திரும்பி எங்கள் வாசலுக்கு வந்து, மீதிக் காகிதங்களைச் சரிபார்த்தார். மதினி தயங்கித் தயங்கி, "ரேசன் கார்டுல பேரை வெட்டிருவாகளோன்னுதான் அப்பிடிச் சொன்னேன்" என்றார்.

"நான் என்ன ரேசன் கடையாம்மா நடத்துறேன்?" என்று கேட்டுவிட்டு பைக்கை உதைத்தார்.

மதினியை நான் திட்டவில்லை. என்னைக் காப்பாற்ற நினைத்துத்தான் அவர் என்னை ஓடைப்பட்டிக்குள்ளேயே அடைத்து வைத்தார். ஆனால் ஒன்று யோசித்தேன். என் மேல் பிரியமுள்ள இரண்டு பேருக்கு நான் எங்கெங்கே இருந்தேன் என்பது சரியாகத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவும் இல்லை.

நற்சான்று நேரத்துக்கு வந்து சேர்ந்தது. கிளம்புவதற்கு முதல் நாள் காலையில் அத்தை கடைக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்தேன். அவர் ஒன்றும் கேட்காமல் தட்டில் இட்லி வைத்தார். நான்தான் ஆரம்பித்தேன், நீங்க அன்னைக்குச் சொல்லலைன்னா நான் போயிருக்க முடியாது அத்தை என்று.

"நான் ஒண்ணும் உனக்காகச் சொல்லலத்தா. கேட்டாக, சொன்னேன்."

அவருடைய வீட்டுக்காரர் நல்ல மனிதர், என் சின்ன வயதில் சைக்கிளில் ஏற்றி என்னைப் பள்ளிக்கூடத்தில் விட்டிருக்கிறார் என்று சொன்னேன். பல வருடம் கழித்துக் கேட்கும் துக்கம்தான், வேறு எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. அவர் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு, "ஆமா, அவுகளுக்கு உன்னைய ரொம்பப் புடிக்கும்" என்றார். பிறகு சட்னியை ஊற்றிவிட்டுக் கேட்டார்:

"அங்கன சோறு கெடைக்குதா?"

"கெடைக்குது அத்தை. நானே பொங்கிக்கிறேன்."

"இனிமே எங்குட்டுப் போனாலும் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ. விவரம் தெரியாம நானும் எத்தனை பேருகிட்டத்தான் தப்புத் தப்பாச் சொல்றது."

இப்போது என் அட்டை புதுப்பித்தாகிவிட்டது. இங்கே மால்டாவில் வேறு வீடு மாறினால், வேலை நேரம் மாறினால், அத்தையின் பேத்தி போனுக்குக் குரல் செய்தி அனுப்புகிறேன். அடுத்த வாரம் மதினியிடம் பேசினால் அந்தச் செய்தி கொஞ்சம் மசாலா சேர்ந்து தெரு முழுக்கப் போயிருப்பது தெரிகிறது. எனக்கு அதில் வருத்தமில்லை. காலையில் அந்தப் பெரியவர் எந்த ஊர் என்று கேட்கும்போது, ஓடைப்பட்டி என்று முன்னைவிடக் கொஞ்சம் சத்தமாகச் சொல்கிறேன். பிரியத்தாலோ புறணி பேசும் ஆசையாலோ, நான் இன்றைக்கு எங்கே இருக்கிறேன் என்று விசாரித்துக்கொண்டு அந்தத் தெருவில் ஒருவர் அடுப்படியில் நிற்கிறார் என்ற நினைப்பு, ஒரு இடத்தில் தரிக்காத எனக்கு ஒரு சொந்த வீடு மாதிரி இருக்கிறது.